குறைமின் வீட்டுச் சேமிப்பக வழங்கி

குறைமின் வீட்டுச் சேமிப்பக வழங்கி என்பது ஒரு வீட்டிலுள்ள கணினிகள், கைப்பேசிகள் ஆகியவற்றின் கோப்புகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, வீட்டின் உள்ளக வலையமைப்பு வழியாக எல்லாக் கருவிகளுக்கும் வழங்குகின்ற, குறைந்த மின்சாரத்தில் இரவுபகலாக இயங்கும் சிறு கணினி ஆகும். ஒளிப்படங்கள், நிகழ்படங்கள், கணக்குகள், ஆவணங்களின் மின்படிகள் முதலியன இதில் சேமிக்கப்படுகின்றன. பொதுவாக 5 முதல் 20 வாட் வரையான திறனில் இயங்குபவை இவ்வகையில் அடங்கும். ஆயத்தமாக விற்கப்படும் வழங்கிகள் பல உள்ளன. எனினும் பழைய மடிக்கணினி அல்லது ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றைக் கட்டற்ற மென்பொருள்களுடன் சேர்த்து வீட்டிலேயே அமைத்துக்கொள்வது செலவு குறைந்த வழியாகும்.

இக்கட்டுரையிலுள்ள கணக்குகளும் எடுத்துக்காட்டுகளும் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரையும் அதற்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளையும் தழுவியவை. மின்தடை, இடி, ஈரம், மெதுவான இணைய இணைப்பு என இத்தகைய வழங்கிக்கு நேரக்கூடிய இடர்கள் யாவும் அங்கே ஒருங்கே அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

== பெயர் ==

ஆங்கிலத்தில் இது நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்றும் அதன் சுருக்கமாக நாஸ் என்றும் வழங்கப்படுகிறது. தமிழில் வலையிணைச் சேமிப்பகம் எனலாம். கணினிக் கடைகளில் நாஸ் பெட்டி என்று கேட்டாலே புரிந்துகொள்வர். கணினியுடன் நேரடியாக இணைக்கப்படும் வெளி வன்தட்டு இவ்வகையில் சேராது. அதை ஒரு நேரத்தில் ஒரு கணினி மட்டுமே பயன்படுத்த இயலும் என்பது வேறுபாடு.

== வரலாறு ==

ஐபிஎம் நிறுவனம் 1956 இல் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டுக் கருவி 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. ஒரு பெரிய அலமாரியளவு இருந்த அதில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துருக்களை மட்டுமே சேமிக்க முடிந்தது. வலையமைப்பின் வழியே கோப்புகளைப் பகிர்வதற்கான என்எப்எஸ் நெறிமுறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984 இல் வெளியிட்டது. ஆத்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா மென்பொருள், விண்டோசுக் கணினிகளுக்கு யூனிக்சு வகை இயக்குதளங்களிலிருந்து கோப்புகளை வழங்க வழிசெய்தது. அவரும் பால் மெக்கராசும் 1996 இல் வெளியிட்ட ஆர்சிங்க், மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பிப் படியெடுக்கும் கருவியாகும். இன்று வீடுகளில் இயங்கும் சேமிப்பக வழங்கிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டின் மேல் கட்டப்பட்டவை எனலாம்.

பல வன்தட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு முறையை விளக்கிய கட்டுரை 1988 இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரால் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. ரெய்டு என்னும் சுருக்கத்தின் நடு எழுத்து அக்கட்டுரையில் "விலை குறைந்த" என்னும் சொல்லையே குறித்தது. பின்னாளில் அதனை "தனித்தனியான" என்று மாற்றிப் பொருள் கூறலாயினர்.

மலிவான வீட்டு வழங்கிகளின் காலம் 2004 இல் லிங்சிசு வெளியிட்ட என்எஸ்எல்யு2 என்ற சிறு பெட்டியுடன் தொடங்கியது. 32 மெகாபைட்டு நினைவகமும் இரண்டு யுஎஸ்பி துளைகளும் மட்டுமே கொண்ட இதில் லினக்சு இயங்குவதை அறிந்த ஆர்வலர்கள், அதன் மென்பொருளை மாற்றி டெபியனை நிறுவினர். 2009 இல் மார்வெல் நிறுவனத்தின் சீவாபிளக் என்ற, சுவர்ச் செருகியின் வடிவிலான கணினி வெளிவந்தது. 2012 பெப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. அதன் முதல் பதிப்பில் வலையமைப்பும் யுஎஸ்பியும் ஒரே தடத்தைப் பகிர்ந்ததால் சேமிப்பக வழங்கியாக அது மெதுவாகவே இயங்கியது. 2019 இல் வந்த நான்காம் பதிப்பில் கிகாபிட் வலையமைப்பும் யுஎஸ்பி 3 உம் தனித்தனியே அமைந்த பின்னரே இக்குறை நீங்கியது.

குறைந்த மின்சாரத்தில் கணினி என்னும் எண்ணம் இந்தியாவுக்குப் புதியதன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தொடங்கிய தகவல் மையங்களில், மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்சாரமும் தொலைபேசிக் கம்பி எட்டாத இடங்களுக்கு வானொலி இணைப்பும் பயன்படுத்தப்பட்டன. பெங்களூரில் உருவான சிம்பியூட்டர் கையடக்கக் கணினியும் இதே நோக்கில் வடிவமைக்கப்பட்டதே.

== ஏலமலைச் சரிவுகளில் இதன் தேவை ==

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் மையங்களுள் ஒன்று. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இங்கு உள்ளது. வாய்மொழி ஏலத்துக்கு மாற்றாக 2007 இல் மின்னணு ஏலம் புகுத்தப்பட்டது. போடியிலும் அதன் சுற்றூர்களிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு மலைமேல், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தோட்டங்கள் உண்டு. ஆகவே ஒரே குடும்பத்தின் ஆவணங்கள் இரண்டு மாநிலங்களில், இரண்டு வீடுகளில், இரண்டு மின்வாரியங்களின் இணைப்புகளில் பரவிக் கிடக்கின்றன. ஏல விற்பனைச் சீட்டுகள், கூலிக் கணக்கு, மழையளவுக் குறிப்பு, நில ஆவணங்கள், வரி இரசீதுகள் எனத் தோட்டம் ஒன்றின் தாள்கள் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படுபவை. இவற்றுடன் கைப்பேசிப் படங்களும் திருமண நிகழ்படங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆவணங்கள் அனைத்தும் சில கிகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். இடத்தை நிரப்புபவை நிகழ்படங்களே.

இவற்றை இணையவழிச் சேமிப்பகங்களில் வைக்கலாமே என்பது இயல்பாக எழும் கேள்வி. விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் மேலேற்றும் இணைப்பில் 1 டெராபைட்டு ஏற 46 நாட்கள் ஆகும். 10 மெகாபிட் இணைப்பிலும் 9 நாட்களுக்கு மேல் ஆகும். அதே தரவு வீட்டினுள் கிகாபிட் கம்பி வழியே இரண்டரை மணி நேரத்தில் வழங்கிக்குச் சென்றுவிடும். மலையில் மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பியும் இணையக் கம்பியும் ஒருசேர அறுவதுண்டு. அப்போது தொலைதூரச் சேமிப்பகத்தில் உள்ள பட்டா இருந்தும் இல்லாததே. ஆவணங்கள் போன்ற சிறிய தரவுக்கு இணையச் சேமிப்பகம் கூடுதல் படியாக நன்கு பயன்படும். முதன்மைச் சேமிப்பகமாக அதைக் கொள்வது இப்பகுதிக்குப் பொருந்தாது.

== மின்கணக்கு ==

இத்தகைய வழங்கியின் உண்மையான விலை கடையில் கொடுக்கும் விலையன்று. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 60 நாட்களில் 1,440 மணிகள் உள்ளன. எனவே 100 வாட் எடுக்கும் பழைய மேசைக்கணினி ஒன்றை இடைவிடாது இயக்கினால் 144 யூனிட் செலவாகும். 10 வாட் வழங்கிக்கு 14.4 யூனிட் போதும். தமிழ்நாட்டில் 2016 முதல் ஒவ்வொரு வீட்டிணைப்புக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பழைய மேசைக்கணினி அந்த இலவச மின்சாரம் முழுவதையும் தானே விழுங்கி, அதற்கு மேலும் கேட்கும்.

இலவச யூனிட்டுகளை மின்விசிறியும் விளக்கும் குளிர்பதனப் பெட்டியும் எவ்வாறாயினும் பயன்படுத்திவிடும் என்பதையும் கருத வேண்டும். புதிதாகச் சேரும் கருவியின் மின்சாரம் எப்போதும் அவ்வீடு எட்டியுள்ள மிக உயர்ந்த படியின் வீதத்திலேயே கணக்கிடப்படும். இருமாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளுக்கான வீதங்களும் மாறுவதால், எல்லையை ஒட்டியுள்ள வீடுகளுக்கு 130 யூனிட் வேறுபாடு சிறியதன்று. யூனிட்டுக்கு 6 ரூபாய் எனக் கொண்டாலும் 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் இடையேயான வேறுபாடு ஆண்டுக்கு 788 யூனிட், அதாவது ஏறத்தாழ 4,700 ரூபாய். "வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினி" என்பது இக்கணக்கில் இலவசமாக இருப்பதில்லை. போடிமெட்டைத் தாண்டினால் கேரள மின்வாரியத்தின் கட்டண முறை பொருந்தும். 100 யூனிட் சலுகை அங்கு இல்லை.

ஒரு கருவி எடுக்கும் மின்திறனை அளக்கத் தனி அளவி வாங்க வேண்டியதில்லை. மின்னணு மின்மானியின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்புகள் என அச்சிடப்பட்டிருக்கும். 3,200 எனில், வீட்டின் மற்ற இணைப்புகளை எல்லாம் அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கின் இரு சிமிட்டல்களுக்கு இடையேயான நேரத்தைக் கணக்கிடலாம். 10 வாட்டுக்கு 112 விநாடிகளுக்கு ஒருமுறையும், 100 வாட்டுக்கு 11 விநாடிகளுக்கு ஒருமுறையும் விளக்குச் சிமிட்டும்.

== வன்பொருள் ==

=== கணினி ===

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கருவிகள் மாநிலத்தின் பல வீடுகளில் பயன்பாடின்றிக் கிடக்கின்றன. படிப்புக்குப் போதாத நிலைக்கு வந்த மடிக்கணினி கோப்புகளை வழங்கும் பணிக்குத் தாராளமாகப் போதும். திரை அணைந்த நிலையில் இவ்வகை மடிக்கணினிகள் பொதுவாக 10 முதல் 15 வாட் வரை எடுக்கும். மூடியை மூடினாலும் உறங்காதிருக்குமாறு இயக்குதளத்தில் மாற்றம் செய்ய வேண்டும். பழையவற்றில் யுஎஸ்பி 2 மட்டுமே இருப்பின் வன்தட்டின் வேகம் விநாடிக்கு 35 மெகாபைட்டு அளவில் நின்றுவிடும். ஒரு குடும்பத்துக்கு இது குறையன்று. எப்போதும் முழு மின்னேற்றத்தில் வெப்பமாக இருக்கும் மடிக்கணினி மின்கலம் உப்பக்கூடும் என்பதால், உப்பல் தெரிந்த மின்கலத்தை உடனே அகற்றிவிட வேண்டும்.

ராஸ்பெரி பை நான்காம் பதிப்பு வேலையின்றி இருக்கையில் 3 வாட் அளவே எடுக்கும். 2021, 2022 ஆண்டுகளின் சில்லுப் பற்றாக்குறையில் இது கிடைப்பதே அரிதாகி விலை பன்மடங்கு உயர்ந்தபோது, பலர் 6 முதல் 10 வாட் எடுக்கும் சிறு கணினிகளுக்கு மாறினர். 2023 இல் வெளிவந்த இன்டெல் என்100 செயலி கொண்டவை இவ்வகையில் பரவலானவை. நினைவட்டையிலிருந்து இயங்கும் பலகைக் கணினிகளில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அந்த நினைவட்டையே. மின்சாரம் திடீரென நிற்கும் ஊர்களில் இயக்குதளத்தை எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பியில் வைப்பது நல்லது.

=== வன்தட்டு ===

மின்செலவைத் தீர்மானிப்பதில் செயலியைவிட வன்தட்டின் பங்கு பெரிது. 3.5 அங்குல வன்தட்டு சுழலும்போது 4 முதல் 8 வாட் வரையும், சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 20 வாட்டுக்கு மேலும் எடுக்கும். அதற்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தேவை. 2.5 அங்குல வன்தட்டுக்கு 5 வோல்ட் மட்டும் போதும். 1 முதல் 2 வாட்டில் இயங்கும். கொள்ளளவு குறைவு, விலை சற்றுக் கூடுதல் எனினும், மின்கலத்தில் இயங்க வேண்டிய மலைவீட்டுக்கு 2.5 அங்குலமே பொருத்தமானது.

தடங்களை ஓட்டின்மேல் ஓடு அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகை வன்தட்டுகள் உள்ளன. இவை மலிவானவை. ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் காப்புநகலுக்கு ஏற்றவை. ரெய்டு தொகுதியில் பழுதான தட்டை மாற்றி மீளக்கட்டும்போது இவற்றின் வேகம் மிகவும் குறைந்துவிடும். வலையிணைச் சேமிப்பகத்துக்கென விற்கப்பட்ட சில வன்தட்டுகளும் இவ்வகையினவே என்பது 2020 இல் வெளிப்பட்டுப் பெரும் விவாதமானது. அதன் பின்னர் நிறுவனங்கள் எது எவ்வகை என்று வெளியிடத் தொடங்கின. 2011 இல் தாய்லாந்து வெள்ளத்தால் உலகெங்கும் வன்தட்டு விலை ஏறியதும் இங்கு நினைவுகூரத்தக்கது. தட்டு பழுதான பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்போரை அத்தகைய நேரங்கள் சிக்கலில் ஆழ்த்தும்.

பயன்பாடில்லாத நேரத்தில் வன்தட்டை நிறுத்தி வைத்தால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்குவது தட்டின் ஆயுளைக் குறைக்கும். அரை மணி நேர இடைவெளி நடைமுறைக்கு ஏற்றது.

== மின்தடையும் மின்கலமும் ==

2008 முதல் ஏறத்தாழ 2014 வரை தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்பற்றாக்குறையின்போது வீடுகளில் இன்வெர்ட்டர்கள் பெருகின. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி காரீய அமில மின்கலம் அவற்றில் வழக்கமானது. இதன் மொத்த ஆற்றல் 1,800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 900 வாட்-மணி பயன்படத்தக்கது.

இங்கே குறைந்த மின்திறனின் பயன் கட்டணத்தைத் தாண்டியது. 10 வாட் வழங்கியும் 5 வாட் திசைவியும் சேர்ந்த 15 வாட் சுமையை அம்மின்கலம் நேர்மின்சாரமாகவே வழங்கினால், மாற்றியின் இழப்பைக் கழித்தும் 50 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதே சுமையை இன்வெர்ட்டர் வழியே 230 வோல்ட்டாக்கி, பின்னர் தகவமைப்பியால் மீண்டும் 12 வோல்ட்டாக்கினால் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சுமையே இல்லாதபோதும் வீட்டு இன்வெர்ட்டர் 10 முதல் 20 வாட் வரை தனக்கென எடுத்துக்கொள்வதே காரணம். 12 வோல்ட்டை 12 வோல்ட்டாக்குவதற்கு 230 வோல்ட் வரை ஏறி இறங்குவது, போடியிலிருந்து தேவாரம் போக மூணாறைச் சுற்றுவது போன்றது. இந்திய வீடுகளில் மின்விசிறி, விளக்கு, மின்னணுக் கருவிகளுக்கு 48 வோல்ட் நேர்மின்சாரத் தடம் ஒன்றைத் தனியே அமைக்கலாம் என்று சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் சுன்சுன்வாலா குழுவினர் 2010களில் முன்வைத்த திட்டத்தின் அடிப்படையும் இதுவே.

மின்கலத்தை நேரடியாக இணைக்கையில் சில எச்சரிக்கைகள் தேவை. "12 வோல்ட்" மின்கலம் மின்னேற்றத்தின்போது 14.4 வோல்ட் வரை உயரும். தீரும் தறுவாயில் 11 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். 3.5 அங்குல வன்தட்டுகள் பொதுவாக 10.8 முதல் 13.2 வோல்ட் வரையே ஏற்கும். எனவே ஏற்றவும் இறக்கவும் வல்ல நேர்மின் மாற்றி ஒன்று இடையில் அமைய வேண்டும். 5 வோல்ட் மட்டும் கேட்கும் பலகைக் கணினிக்கும் 2.5 அங்குல வன்தட்டுக்கும் இறக்கும் மாற்றியே போதும். மின்கல முனையை ஒட்டி உருகி கட்டாயம் இருக்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் ஏற்படும் குறுக்குச்சுற்று கம்பியைச் செந்தணலாக்கிவிடும்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், திசைவிகளுக்கென விற்கப்படும் சிறு யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். மின்கலம் தீர்ந்துகொண்டிருப்பதை வழங்கிக்கு அறிவித்து, கோப்புகளை மூடி முறையாக நிற்கச் செய்வது முக்கியம். யுஎஸ்பி வழியே செய்தி தரும் யுபிஎஸ் இருப்பின் நட் என்ற கட்டற்ற மென்பொருள் இதனைச் செய்கிறது. செய்தி தராத எளிய அமைப்பில், இன்வெர்ட்டரில் இணைக்கப்படாத ஒரு கருவியை நிமிடத்துக்கு ஒருமுறை வலையமைப்பில் அழைத்துப் பார்க்கும் சிறு நிரல் போதும். குறித்த மணி நேரம் அது பதிலளிக்காவிட்டால் மின்சாரம் இல்லை என்று கொண்டு வழங்கி தானே நின்றுகொள்ளும்.

நீண்ட மின்தடத்தின் கடைசியில் உள்ள மலைவீடுகளில் மின்னழுத்தம் மாலை வேளைகளில் வெகுவாகக் குறைவதுண்டு. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அச்சிடப்பட்ட தகவமைப்பிகள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பழைய மேசைக்கணினியின் மின்வழங்கி அடிக்கடி நின்று தொடங்கும்.

== இடி, ஈரம், வெப்பம் ==

ஏலமலைச் சரிவுகளில் சித்திரை, வைகாசி மாதங்களின் கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இடியுடன் வருபவை. மின்னெழுச்சி, மின்கம்பி வழியே மட்டும் வருவதில்லை. வீட்டுக்கும் ஏலக்காய் உலர்த்தும் கூடத்துக்கும் இடையே வெளியில் இழுக்கப்பட்ட செம்புப் பிணையக் கம்பி, இரு முனைகளிலும் உள்ள கருவிகளை ஒருசேரப் பழுதாக்கிவிடும். கட்டடங்களுக்கு இடையே ஒளியிழையோ கம்பியில்லா இணைப்போ பயன்படுத்துவதே சரி. மின்னெழுச்சிக் காப்பிகள் நல்ல புவித்தொடுப்பு இருந்தால்தான் வேலை செய்யும். பாறைப்பாங்கான மலையில் ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு எர்த்து என்று சொல்வது போதாது. ஆழமான குழியும், ஈரம் காக்கும் நிரப்பும், சில இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மின்முனைகளும் தேவைப்படும். இடி நெருங்கும்போது சுவர்ச் செருகியைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் மட்டும் இயக்குவது எல்லாவற்றிலும் மலிவான காப்பு. குறைமின் வழங்கிக்குத்தான் அது இயலும்.

தென்மேற்குப் பருவமழையின்போது மலையில் காற்று ஈரம் செறிந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டு சுற்றுப்புறத்தைவிட 10 பாகைக்கு மேல் வெப்பமாக இருப்பதால் ஈரம் அதன்மேல் படிவதில்லை. பெட்டியில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் காப்புநகல் வன்தட்டே ஈரத்துக்கு ஆளாகிறது. காற்றுப் புகாத உறையில் சிலிக்கா களிமத்துடன் அதனை வைக்க வேண்டும். குளிர்ந்த மலைவீட்டிலிருந்து போடிக்குக் கொண்டுவந்த தட்டை உறை பிரிக்காமல் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்திருந்து பின்னர் இயக்க வேண்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த உலோகத்தில் நீர் துளிக்கும்.

ஏலக்காய் உலர்த்தும் கூடத்தைத் தோட்டக்காரர்கள் ஸ்டோர் என்பர். மலைவீட்டிலேயே உலர்ந்த இடம் அதுதான் என்று வழங்கியை அங்கு வைக்கத் தோன்றும். பச்சைக் காயிலிருந்து வெளியேறும் நீராவியும் 50 பாகை அளவிலான வெப்பமும் வன்தட்டுக்கு ஏற்றவையல்ல. 60 பாகை என்பதே பெரும்பாலான வன்தட்டுகளின் இயக்க உச்சவரம்பு. போடியில் சிக்கல் வேறு. கோடையில் அறைவெப்பம் 35 பாகையைத் தாண்டும்போது மூடிய அலமாரியில் வைத்த வழங்கி 50 பாகையை எளிதாக எட்டும். காற்றோட்டமுள்ள தாழ்ந்த தட்டு போதும். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய கம்பிவலை இடுவது பல்லி, எறும்பு ஆகியவற்றுக்காக.

== மென்பொருள் ==

டெபியன் இயக்குதளம், சாம்பா, ஆர்சிங்க் ஆகிய மூன்றும் இருந்தால் வழங்கி ஆயத்தம். கட்டளைவரியில் பழக்கம் இல்லாதோர், உலாவி வழியே எல்லாவற்றையும் அமைக்க உதவும் ஓப்பன்மீடியாவால்ட் என்ற தொகுப்பை நாடலாம். ஒலிவியே கொச்சார்-லபே 2005 இல் தொடங்கிய பிரீநாஸ் திட்டத்தில் பங்கேற்ற வோல்கர் தைல் இதனை டெபியன் மேல் உருவாக்கினார். பிரீநாஸ் பின்னர் ட்ரூநாஸ் எனப் பெயர் மாறியது. அதன் செட்எப்எஸ் கோப்புமுறைமை ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால், தட்டில் ஓசையின்றிச் சிதைந்த கோப்பையும் கண்டுபிடித்துவிடும். நினைவகம் மிகுதியாகக் கேட்பதால் பலகைக் கணினிகளுக்கு எக்ஸ்ட்4 போதுமானது.

=== தமிழ்க் கோப்புப் பெயர்கள் ===

ஆங்கில வழிகாட்டிகள் பேசாத, தமிழ்ப் பயனர்களுக்கு மட்டும் நேரும் சிக்கல்கள் சில உள்ளன. லினக்சின் கோப்புமுறைமைகளில் ஒரு பெயரின் நீளம் 255 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். யுடிஎப்-8 குறிமுறையில் தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட்டு. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே கணக்கிடப்படுவதால் "போடிநாயக்கனூர்" என்னும் 8 எழுத்துப் பெயர் 14 குறிகளாகி 42 பைட்டுகளைப் பிடிக்கிறது. ஆகவே ஏறத்தாழ 48 எழுத்துகளுக்கு மேற்பட்ட பெயரை வழங்கி ஏற்காது. விண்டோசில் இவ்வரம்பு பைட்டில் கணக்கிடப்படாததால் அங்கு செல்லுபடியாகும் நீண்ட பெயர், படியெடுக்கும்போது பிழையாகி நின்றுவிடும்.

மற்றொன்று இதைவிட நுட்பமானது. "போடி" என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆப்பிளின் பழைய எச்எப்எஸ்+ கோப்புமுறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்து வந்தது. அத்தகைய கணினியிலிருந்து வந்த "போடி" உறையும் விண்டோசிலிருந்து வந்த "போடி" உறையும் வழங்கியில் இரண்டு உறைகளாக அருகருகே நிற்கும். ஆர்சிங்க் இரண்டையும் வேறுவேறு எனக் கருதித் தரவை இருமுறை படியெடுக்கும். கான்வ்எம்வி என்ற சிறு கருவி பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றித் தருகிறது.

2000களின் முற்பகுதிக் கோப்புகள் பல டாப், தாம் அல்லது திஸ்கி குறிமுறையில் உள்ளன. டாப், தாம் இரண்டும் 1999 இல் தமிழக அரசால் தரமாக ஏற்கப்பட்டவை. 2010 இல் அரசு ஒருங்குறிக்கு மாறியது. பழைய எழுத்துருவே இல்லாத கணினியில் அக்கோப்புகள் குப்பையாகவே தெரியும். அவற்றை மூலவடிவிலும் ஒருங்குறிக்கு மாற்றியும் இரண்டாகச் சேமிப்பது நல்லது.

=== பாதுகாப்பு ===

வழங்கியை இணையத்திலிருந்து நேரடியாக அணுகுமாறு திறந்துவிடுவது பெரும் தவறு. 2017 மே மாதம் பரவிய வானாகிரை, சாம்பா வழங்கும் அதே நெறிமுறையின் முதல் பதிப்பை விண்டோசு செயற்படுத்திய முறையிலிருந்த ஓட்டை வழியே நுழைந்தது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற பணயத் தீம்பொருள் ஒரு நிறுவனத்தின் வீட்டுச் சேமிப்பகங்களைப் பூட்டியது. அதே ஆண்டு சூனில் மற்றொரு நிறுவனத்தின் பழைய சேமிப்பகங்கள் உலகெங்கும் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. வெளியூரிலிருந்து அணுக வேண்டுமாயின் வயர்கார்டு போன்ற மறையாக்கச் சுரங்கம் அமைக்க வேண்டும். கைப்பேசி நிறுவனங்களின் இணைப்புகளில் பொதுவாகத் தனி ஐபி முகவரி கிடைக்காது. அங்கு ஐபி ஆறாம் பதிப்பு வழியே முயலலாம்.

== காப்புநகல் ==

ரெய்டு காப்புநகல் ஆகாது. இரண்டு தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு-1 முறையில் ஒரு தட்டு பழுதானாலும் வேலை தொடரும் என்பது உண்மையே. ஆனால் தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு இரு தட்டுகளிலும் அதே விநாடியில் அழியும். இடியும் இரண்டையும் சேர்த்தே தாக்கும். இரண்டு தட்டுகள் வாங்கப் பணம் இருப்பின் இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பதைவிட ஒன்றை வேறு வீட்டில் வைப்பது மேல்.

தோட்டமும் ஊர்வீடும் உள்ள குடும்பத்துக்கு இவ்வசதி இயல்பாகவே அமைகிறது. போடியில் ஒரு வழங்கி, மலையில் ஒரு வழங்கி என அமைத்து, இரவில் ஆர்சிங்க் மூலம் அன்றைய மாற்றங்களை மட்டும் அனுப்பலாம். மெதுவான இணைப்பிலும் சில நூறு மெகாபைட்டுகள் விடிவதற்குள் சென்றுவிடும். முதல் முழுப்படியை மட்டும் இணையத்தில் அனுப்ப முயலக்கூடாது. 2 டெராபைட்டுத் தட்டொன்று மலைக்குச் செல்லும் ஜீப்பில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அது விநாடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் வேகமாகும். போடிமெட்டுச் சாலையின் கொண்டையூசி வளைவுகளில் குலுங்குவது அணைந்திருக்கும் வன்தட்டைப் பாதிக்காது. ஓடும் தட்டைப் பாதிக்கும்.

அந்தந்த நாளின் நிலையைத் தனித்தனி உறைகளாக வைத்திருப்பதும் தேவை. மாறாத கோப்புகளுக்கு வன்தொடுப்பு இடும் ஆர்சிங்க்கின் வசதியால் முப்பது நாட்களின் படிகள் ஏறத்தாழ ஒரே படியின் இடத்தையே பிடிக்கும். பணயத் தீம்பொருளால் கோப்புகள் பூட்டப்பட்டால் முந்தைய நாளுக்குத் திரும்ப இதுவே வழி. இப்படிகளைக் குடும்பக் கணினிகள் எழுத இயலாதவாறு படிக்க மட்டும் அனுமதிக்க வேண்டும். அத்துடன் எப்போதும் இணைப்பில் இராத மூன்றாவது தட்டொன்றும் தேவை. அத்தட்டாக எஸ்எஸ்டியைப் பயன்படுத்தலாகாது. மின்சாரமின்றி நெடுநாள் கிடக்கும் எஸ்எஸ்டி மெல்ல மெல்ல மின்னூட்டத்தை இழந்து தரவையும் இழக்கும்.

பனையோலைச் சுவடிகள் ஈரத்திலும் பூச்சியிலும் கெடுமுன் மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டதால்தான் பழைய நூல்கள் நம்மை வந்தடைந்தன. படியெடுக்கப்படாதவை அழிந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் ஏடுகளும் மீளா வகையில் அழிந்தன. ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்க 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் பின்னணியில் அவ்விழப்பு உள்ளது. வன்தட்டு ஓலையைவிட ஆயுள் குறைந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றிப் படியெடுப்பதை வழங்கியின் செலவில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

== பராமரிப்பு ==

வன்தட்டுகள் தம் நிலையைத் தாமே பதிவு செய்யும் ஸ்மார்ட் என்ற வசதியைக் கொண்டவை. மாற்றியமைக்கப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது தட்டு விரைவில் பழுதாகும் என்பதன் அறிகுறி. மாதம் ஒருமுறை முழுத் தட்டையும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனையை இரவில் இயக்கலாம். காப்புநகலிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் திறந்து பார்ப்பதும் அந்நாளிலேயே செய்யத்தக்கது. காரீய அமில மின்கலத்துக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வாலைவடிநீர் ஊற்ற வேண்டும். கடவுச்சொற்களையும், எந்தத் தட்டு எங்குள்ளது என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, பட்டா இருக்கும் பெட்டியிலேயே வைக்கலாம். வழங்கியை அமைத்தவர் ஊரில் இல்லாத நாளில் வீட்டார் கோப்புகளை எடுக்க அத்தாள் உதவும்.